கைவினை டிசைன்களைப் பகிரும்போது எழுத்துருக்களின் பதிப்புரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள–தமிழ்நாட்டு எல்லையில் பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் வினைல் கட்டிங், லேசர் கட்டிங், எம்ப்ராய்டரி, ஆரி வேலை ஆகியவற்றைச் செய்பவர்கள் தாங்கள் உருவாக்கிய டிசைன்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது வழக்கம். வளைகாப்புத் தட்டு, தாம்பூலப் பை, வீட்டுப் பெயர்ப்பலகை என்று எதை எடுத்தாலும் அதில் எழுத்து இருக்கிறது; எல்லைப்புறம் என்பதால் ஒரே பலகையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் இடம் கேட்கின்றன. ஆகவே ஒரு டிசைனுக்குள் மூன்று எழுத்துருக்களும் (ஃபாண்ட்) அவற்றுக்குரிய மூன்று உரிமங்களும் அடங்கியிருக்கக்கூடும். இதே தொழிலில் உள்ளவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எழுத்து எல்லோருக்கும் பொதுவானதுதானே? 'அ' என்ற எழுத்துக்கு ஒருவர் எப்படி உரிமை கொண்டாட முடியும்?

'அ' என்ற எழுத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் கணினியில் நாம் கையாளும்போது மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகத் தோன்றுகின்றன. முதலாவது எழுத்து, இரண்டாவது, ஒரு வடிவமைப்பாளர் அந்த எழுத்துக்குக் கொடுத்த தோற்றம், மூன்றாவது, அந்தத் தோற்றத்தைத் திரையிலும் இயந்திரத்திலும் வரவழைக்கும் எழுத்துருக் கோப்பு.

இரண்டாவதைப் பற்றி இந்தியாவில் ஒரு முடிவு உண்டு. 'ஆனந்தா எக்ஸ்பாண்டட் இட்டாலிக்ஸ்' என்ற எழுத்து வடிவத்தைக் கலைப்படைப்பாகப் பதிவு செய்யக் கோரிய விண்ணப்பத்தில், எழுத்து வடிவத்திற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை என்று பதிப்புரிமை வாரியம் 2002-இல் கூறியது. அந்த வாரியம் இன்று இல்லை. அதன் பணிகள் 2017-இல் வேறொரு தீர்ப்பாயத்துக்குப் போயின; அந்தத் தீர்ப்பாயமும் 2021-இல் கலைக்கப்பட்டது. வாரியத்தின் முடிவு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானதும் அன்று. ஆயினும் எழுத்தின் தோற்றத்தைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டத்தின் போக்கு எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது. தோற்றத்துக்குப் பாதுகாப்பு வேண்டுபவர் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பாதுகாப்பு முதலில் 10 ஆண்டுகள், நீட்டித்தால் மொத்தம் 15 ஆண்டுகள்.

மூன்றாவதான கோப்புதான் நமக்குச் சிக்கலைக் கொண்டுவருவது.

கோப்பை நகலெடுப்பது ஏன் குற்றமாகிறது?

பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் சேர்த்திருக்கிறது. எழுத்துருக் கோப்புக்குள் எழுத்தின் வளைவுகள் மட்டும் இல்லை. ககரத்தோடு கொம்பும் காலும் சேர்ந்து 'கொ' ஆவது எப்படி, சிறிய அளவில் கோடுகள் கலங்காமல் நிற்பது எப்படி என்பன போன்ற கட்டளைகளும் இருக்கின்றன. எனவே அது நிரலாகவே கருதப்படுகிறது. அனுமதியற்ற நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துபவருக்கு, சட்டத்தின் 63-பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக நோக்கமோ இலாபமோ இல்லாத இடத்தில் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடமுண்டு. பெயர்ப்பலகைக்குக் கூலி வாங்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

நடைமுறையில் ஒரு பெயர்ப்பலகைக்காக யாரும் சிறைக்குப் போவதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். உரிமையாளர் அனுப்பும் அறிவிப்பும், அதற்குப் பதில் எழுத வழக்கறிஞருக்குக் கொடுக்கும் தொகையும் ஒரு மாத வருமானத்தைக் கரைக்கப் போதுமானவை.

வெளிநாட்டு எழுத்துருவுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். இந்தியா 1928 முதல் பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இருப்பதால், அந்த உடன்படிக்கையில் உள்ள பிற நாடுகளின் படைப்புகளுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவிலும் நிலைமை ஏறத்தாழ நம்முடையதைப் போன்றதே: எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1978-இல் கூறியது, ஆனால் அடோபி தொடுத்த வழக்கில் 1998-இல் கலிபோர்னியா நீதிமன்றம், எழுத்துருக் கோப்பு பாதுகாப்புக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. எழுத்தின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகளை எங்கே வைப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே படைப்புத்திறன் இருக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். இதைக் கீழே கர்வ் ஆக்குவது (எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றுவது) பற்றிய கேள்வியில் நினைவில் கொள்ளுங்கள்.

'இலவசம்' என்று போட்டிருந்த தளத்திலிருந்து இறக்கினேன். அப்புறம் என்ன கவலை?

இலவசம் என்ற சொல் எழுத்துரு உலகில் ஒரே பொருளில் வழங்குவதில்லை. சில எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் இலவசம். சில, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். சில, சோதித்துப் பார்க்கக் கொடுக்கப்படும் மாதிரிகள், எண்களோ நிறுத்தற்குறிகளோ அவற்றில் இருக்காது. வேறு சில, உரிமையாளருக்கே தெரியாமல் யாரோ ஏற்றிவைத்தவை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு திருமணத்துக்கு 120 தாம்பூலப் பைகளில் மணமக்கள் பெயரை அச்சிட்டுக் கொடுத்தேன். நீண்ட வால் வைத்த அழகான ஆங்கில எழுத்து. இறக்கிய தளத்தில் இலவசம் என்றுதான் இருந்தது. பொள்ளாச்சியில் இதே வேலை செய்யும் அக்கா ஒருவர் அந்த டிசைனைக் கேட்டபோதுதான், சுருக்கிய கோப்புறைக்குள் எழுத்துருவோடு கூடவே வந்திருந்த சிறிய உரைக்கோப்பை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும். வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் பெறவும்' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. வடிவமைப்பாளருக்கு நடந்ததை எழுதி, வணிக உரிமத்துக்கான தொகையைச் செலுத்தினேன். அந்த உரைக்கோப்பைத் திறக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீமந்தத்துக்குச் செய்தாலும், அதற்குப் பணம் வாங்கினால் பெரும்பாலான உரிமங்களின் கண்ணில் அது வணிகப் பயன்பாடே.

கவலையின்றிப் பயன்படுத்தக்கூடிய தமிழ், மலையாள எழுத்துருக்கள் எவை?

எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தின் கீழ் வெளிவந்தவை நமக்கு மிகவும் ஏற்றவை. அந்த உரிமத்தின் இப்போதைய 1.1 பதிப்பு 2007-இல் வெளியானது. தமிழில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை, பவனம், மீரா இனிமை, கையெழுத்துச் சாயலில் சாய்ந்து நிற்கும் கவிவனார் ஆகியவை இவ்வகையின. மலையாளத்துக்கு, சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு வெளியிட்ட மஞ்சரி, சிலங்கா, காயத்ரி ஆகியவை உள்ளன. பெயர்ப்பலகைக்கு நான் பெரும்பாலும் தமிழில் பலூ தம்பியையும் மலையாளத்தில் மஞ்சரியையும் சேர்த்து வைக்கிறேன். இரண்டிலும் முனைகள் உருண்டு இருப்பதால் லேசரில் வெட்டும்போது கூர்மையான மூலைகள் கருகுவதில்லை. இது என் கண்ணுக்குப் பட்டது. உங்கள் கண் வேறு சொல்லலாம்.

இந்த உரிமத்தில் நமக்குத் தேவையான விதிகள் நான்குதான். எழுத்துருவைக் கொண்டு செய்த பொருளையும் டிசைனையும் விற்கலாம். அவற்றுக்கு இந்த உரிமம் ஒட்டிக்கொண்டு வராது. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருவைப் பிறருக்குக் கொடுத்தால், உரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். எழுத்துருவையே திருத்தி வெளியிட்டால், அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மூலப் பெயரை ஆசிரியர் ஒதுக்கிவைத்திருந்தால் வேறு பெயர் சூட்ட வேண்டும்.

ஸ்டென்சில் வெட்டுபவர்கள், திருத்தி வெளியிடுவது பற்றிய நான்காவது விதியை இரண்டு முறை கேட்கிறார்கள். 'ண' போன்ற எழுத்துகளில் சுழியின் நடுப்பகுதி உதிர்ந்து விழாமல் இருக்க நாம் சிறு பாலம் போடுகிறோம் அல்லவா? அதை உங்கள் டிசைனுக்குள் போட்டால் அது டிசைன் வேலை, எந்த நிபந்தனையும் இல்லை. எழுத்துருக் கோப்பையே திறந்து எல்லா எழுத்துக்கும் பாலம் போட்டுச் சேமித்து மற்றவருக்கு அனுப்பினால்தான் அந்த விதி வருகிறது.

டிசைனை அனுப்பும்போது எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்பலாமா?

திறந்த உரிம எழுத்துருவானால், உரிம வாசகத்தையும் சேர்த்து அனுப்பலாம். பணம் கொடுத்து வாங்கியதானால், அனுப்பக் கூடாது. நீங்கள் வாங்கியது உங்கள் கணினியில், சில சமயம் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள கணினிகளில், நிறுவிக்கொள்ளும் உரிமம் மட்டுமே. எழுத்துரு உங்கள் சொத்தாகிவிடவில்லை.

இந்தக் கேள்வி தமிழில் இவ்வளவு தீவிரமாக வருவதற்குக் காரணம் உண்டு. டிசைனை எழுத்தாகவே வைத்து எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பாகச் சேமித்தால், அதில் எழுத்துரு இருக்காது. அதன் பெயர் மட்டும்தான் இருக்கும். பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மென்பொருள் வேறொன்றைப் போட்டு நிரப்பும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தானால் தோற்றம் மட்டும் மாறும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைக்கும் பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் அடித்திருந்தாலோ, 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். உடனே 'ஃபாண்டையும் அனுப்புங்கள்' என்று கேட்பார்கள்; நாமும் அனுப்பிவிடுவோம். நம் பகுதியில் நடக்கும் உரிம மீறல்களில் பெரும்பகுதி இப்படி, உதவி செய்யும் எண்ணத்தில் நடப்பதே.

எழுத்துருவின் பெயரையும், அதை எங்கே பெறலாம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அவசர வேலையென்றால் அந்த ஒரு டிசைனைக் கர்வ் ஆக்கி அனுப்புங்கள்.

கர்வ் ஆக்கிவிட்டால் எழுத்துருவே இல்லை. பிறகு உரிமம் எங்கிருந்து வரும்?

கோரல் டிராவில் கண்ட்ரோல் கியூ அழுத்தினாலும், இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்தாலும் எழுத்து வெறும் கோடாகிவிடுகிறது. இனி அதை அடித்துத் திருத்த முடியாது. நிரலின் கட்டளைகளும் அதில் இல்லை. எழுத்தின் தோற்றத்துக்கு இந்தியாவில் பதிப்புரிமை இல்லை என்ற நிலையோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு பெயரைக் கர்வ் ஆக்கி அனுப்புவதில் பதிப்புரிமைச் சிக்கல் மிகக் குறைவு.

ஆனால் உரிமம் என்பது பதிப்புரிமைக்கு மேல் நீங்கள் ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பந்தமும் ஆகும். 'இவ்வெழுத்துருவால் செய்த முடிந்த பொருளை விற்கலாம். வெட்டும் இயந்திரத்துக்கான கோப்பாக விற்கவோ பகிரவோ தனி உரிமம் வேண்டும்' என்று எழுதியிருக்கும் உரிமங்கள் உண்டு. மரத்தில் வெட்டிய பலகையை விற்பது அதன்படி சரி. அதே பலகையின் கோப்பை அனுப்புவது சரியில்லை. கோப்பைப் பெறுபவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்றாலும், அனுப்பிய நீங்கள் கட்டுப்பட்டவர். வாங்குவதற்கு முன் உரிமத்தில் டிஜிட்டல் கோப்பு, எஸ்விஜி, வெட்டுக் கோப்பு என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடிப் படியுங்கள். அங்கே தெளிவில்லாவிட்டால் வடிவமைப்பாளருக்கு எழுதிக் கேட்பதே நல்லது. தனியாள் நடத்தும் சிறிய எழுத்துருக் கூடங்களிலிருந்து பெரும்பாலும் பதில் வருகிறது.

உயிர், மெய் அனைத்தையும் தனித்தனியாகக் கர்வ் ஆக்கி ஒரே தொகுப்பாகப் பகிரலாமா?

வேண்டாம். 'மகிழினி' என்ற ஒரு பெயரைக் கர்வ் ஆக்குவது டிசைன். எழுத்து முழுவதையும் தனித்தனியாகக் கொடுப்பது, எழுத்துருவை வேறு சட்டை மாட்டி அனுப்புவது. பெறுபவர் அதைக் கோத்து எந்தப் பெயரையும் செய்துகொள்ளலாம் என்பதால், வணிக உரிமங்கள் இதை ஏறத்தாழ எப்போதும் தடுக்கின்றன. மேலே சொன்ன கலிபோர்னியத் தீர்ப்பின் பார்வையில் புள்ளிகள் அப்படியே நகலாகின்றன. திறந்த உரிமமும், எழுத்துருவின் உறுப்புகளைத் தனியே விற்பதைத் தடை செய்கிறது.

எம்ப்ராய்டரிக்குப் பஞ்சிங் செய்து (இயந்திரம் தைக்கும் கோப்பாக மாற்றி) விற்கப்படும் எழுத்துத் தொகுப்புகளுக்கும் இது பொருந்தும். அங்கே தையலின் திசை, அடர்த்தி, ஓட்டம் எல்லாம் பஞ்சிங் செய்தவரின் உழைப்பு. வாங்கிய தொகுப்பால் ரவிக்கையில் பெயர் தைத்து விற்கலாம். டிஎஸ்டி என்ற அந்தத் தையல் கோப்பை இன்னொரு கடைக்குக் கொடுக்க முடியாது.

விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா யுஐ போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

அவற்றைக் கொண்டு அச்சிட்டும் செய்தும் விற்கும் பொருள்களை மைக்ரோசாஃப்ட் தடுப்பதில்லை. வீட்டுக்கோ மாணவருக்கோ மட்டும் என்று வாங்கிய மென்பொருளில் வேலை செய்தால் அந்த நிபந்தனை தனி. கோப்பை எடுத்துப் பிறருக்கு அனுப்பக் கூடாது. கைப்பேசிச் செயலிகளில் வரும் எழுத்துருக்கள் அந்தந்தச் செயலியின் விதிகளுக்கு உட்பட்டவை.

டிடிபி கடையில் நானூறு எழுத்துருக்கள் கொண்ட பென்டிரைவ் கொடுத்தார்கள்.

யாரிடமிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாத தொகுப்பு அது. கோப்பின் மேல் வலப்பொத்தானை அழுத்திப் பண்புகளைப் பார்த்தால் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் இருக்கும். பெயர் இருந்து, வாங்கிய சான்று உங்களிடம் இல்லையென்றால் பகிரும் டிசைனில் அதைச் சேர்க்காதீர்கள். நான் அப்படி ஒரு தொகுப்பை முழுவதுமாக அழித்தேன். ஒரே ஒரு தடித்த தலைப்பெழுத்துக்காக மட்டும் இன்றும் ஏங்குகிறேன்.

பழைய லிபியில் பலகை கேட்கிறார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்து நானே வரைந்தால்?

தாராளமாக வரையலாம். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன், ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு அச்சாயின. மலையாளத்தில் 1971-இல் புதிய லிபி வருவதற்கு முன் கூட்டெழுத்துகள் அடுக்கடுக்காக இருந்தன. தாத்தா கட்டிய வீட்டின் பெயரை அதே பழைய வடிவில் வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கே இரு மொழியிலும் உண்டு. பழைய ஈய எழுத்து அச்சைப் பார்த்து நீங்கள் கையால் வரைவதில் யாருடைய கோப்பும் நகலாவதில்லை. வரைந்த டிசைன் உங்களுடையது.

திரைப்படத் தலைப்பின் எழுத்து, பிடித்த பாட்டு வரி?

இவை எழுத்துருக் கேள்வியே அல்ல. ஆனால் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். தலைப்புக்காகத் தனியே வரைந்த எழுத்தோவியம் கலைப்படைப்பாகலாம்; வணிக முத்திரையாகப் பதிவாகியும் இருக்கலாம். வரியைப் பொறுத்தவரை, இந்தியாவில் எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. திருக்குறளும், 1921-இல் மறைந்த பாரதியின் கவிதைகளும் தடையற்றவை. 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. எழுத்துரு திறந்த உரிமத்தில் இருப்பதால் வரியும் திறந்துவிடாது.

வாளையாறு எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுமா?

மாறாது. பதிப்புரிமை மத்திய அரசின் பட்டியலில் உள்ள பொருள். பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே சட்டம்தான்.

நான் பகிர்ந்த டிசைனை வேறொருவர் விற்கிறார். எனக்கு என்ன உரிமை?

எழுத்துரு உங்களுடையது அன்று. ஆனால் எழுத்தைச் சுற்றி நீங்கள் வரைந்த மாவிலை, கோலம், அமைப்பு ஆகியவை உங்கள் கலைப்படைப்பு. பதிவு செய்யாவிட்டாலும் வரைந்த கணத்திலிருந்து பதிப்புரிமை உண்டு. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விதி பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இருக்கிறது: வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத் தகுந்த ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், தொழில் உற்பத்தி முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கினால், அதில் உள்ள பதிப்புரிமை முடிந்துவிடும். உங்கள் அனுமதியோடு மற்றவர் செய்தவையும் கணக்கில் சேரும். நூற்றுக்கணக்கில் வெட்டப்போகும் டிசைனென்றால், வெளியிடுவதற்கு முன்பே பதிவைப் பற்றி யோசிக்க வேண்டும். வெளியிட்ட பிறகு அது புதியது என்று சொல்ல முடியாது.

பகிரும் டிசைனோடு என்ன எழுதி வைக்க வேண்டும்?

ஓர் உரைக்கோப்பு போதும். நான் வைப்பது இப்படி இருக்கும்:

'வளைகாப்புத் தட்டு, 10 அங்குலம். தமிழ் எழுத்து: பலூ தம்பி. மலையாள எழுத்து: மஞ்சரி. இரண்டும் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் 1.1. எழுத்து கர்வ் ஆக்கப்பட்டுள்ளது; பெயரை மாற்ற வேண்டுமென்றால் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும். ஓரத்தில் உள்ள வளையல் வரிசை என் கையால் வரைந்தது. தட்டாகச் செய்து விற்கலாம். கோப்பாக விற்க வேண்டாம்.'